ஸ்ப்ரிங் போச்சு

இருபது வருடமாக லேப்டாப் பழுதுபார்க்கிறேன். மூக்குக்கண்ணாடி போட்டால் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை போய்விடும் என்று சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். சட்டைப்பைக்கு நல்ல பார்வை.

அக்காவின் எம்பிராய்டரி இயந்திரம் அவளுடைய பழைய லேப்டாப்போடு மட்டும்தான் பேசும். அதுவும் அந்தக் காலத்து சீரியல் கேபிள் வழியாக. லேப்டாப்பில் அந்த போர்ட் செத்துவிட்டது. சனிக்கிழமைக்குள் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நானூறு பேட்ஜ் தைத்துக் கொடுக்க வேண்டும். தவறினால் அவர்கள் இனி அவள் பக்கம் திரும்பமாட்டார்கள்.

"இதெல்லாம் ஒரு வேலையா அக்கா?" என்றேன். லேப்டாப்பின் பக்கவாட்டில் கார்டு ஸ்லாட் உண்டு. சீரியல் போர்ட் வைத்த கார்டைச் செருகினால் தீர்ந்தது. அலைந்து ஒன்று வாங்கிவந்தேன்.

உள்ளே தள்ளினேன். டக்கென்று திருப்பித் தள்ளியது. மறுபடி தள்ளினேன்; வாசலிலேயே நின்றது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் இதே மல்லுக்கட்டு. நடுவே, ஸ்லாட்டின் தரநிர்ணயங்கள் எப்படியெல்லாம் மாறின என்று அத்தானுக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். கொட்டாவியை விழுங்கியபடி கேட்டார்.

"ஸ்ப்ரிங் போச்சு. இந்த ஸ்லாட் இனி எங்கயும் கிடைக்காது," என்று தீர்ப்பளித்தேன்.

ஆர்டரைக் கைவிடப் போனை எடுத்த அக்கா, ஸ்லாட்டைக் குனிந்து பார்த்தாள்.

"டேய், உள்ள ஏதோ இருக்குடா."

"அது கனெக்டர் பின், அக்கா. தொடாத, ஷார்ட் ஆயிடும்."

தொட்டாள். டக்கென்று ஒரு முனை நீட்டியது. நூல் பிடுங்கும் இடுக்கியால் இழுத்தாள். கறுப்பு பிளாஸ்டிக் அட்டை; தூசி போகாமலிருக்கக் காலி ஸ்லாட்டில் செருகிவைப்பது. முதுகில் ஒரு ஸ்டிக்கர். உரக்க வாசித்தாள்:

"'எடுக்க வேண்டாம்.' என்னங்க, இது யார் கையெழுத்து?"

"நம்ம நிபுணர் கையெழுத்துதான். கண்ணாடிய மாட்டிப் பாக்கச் சொல்லு," என்றார் அத்தான்.

ஆறு வருடத்துக்கு முன் நானே செருகியது.

கார்டு சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது. சனிக்கிழமை காலை நானூறும் போய்ச் சேர்ந்தன. நானூற்றொன்றாவது எனக்கு. பள்ளியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பொடி எழுத்தில், 'ஸ்ப்ரிங் போச்சு'.

கடையில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள்தான் வாசித்துச் சொல்கிறார்கள்.