ஆல்வின் பாக்கெட்டில் இருந்த பாம்

புதுப்பட்டினத்தில் ஆல்வின் அளவுக்கு எழுதிவைக்கிற மனுசன் இதுவரை பிறக்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன்தான். அப்பாவும் அம்மாவும் செய்யூர் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவன் ஆபீஸ் கேன்டீனில் இட்லித் தட்டைக் கவிழ்க்கிறவன். ஆனால் எழுதுவதில் ராஜா. முடி வெட்டிய தேதி, கடைவாய்ப் பல் பிடுங்கிய தேதி, கால் ஆணி வந்த தேதி, போன தேதி, மாமியார் கருங்குழியிலிருந்து வந்து இறங்கிய நேரம், கிளம்பிய நேரம். கிளம்பிய நேரத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு ஸ்டார் போட்டிருப்பான். வீட்டில் ஆள் படுக்க இடமில்லாத அளவுக்கு நோட்டு.

கேன்டீனில் ஒரே மூச்சில் மூன்று தட்டு பொங்கல் தின்கிற ஹரிஹரன் சார் இந்தக் கண்றாவியைப் பார்த்துவிட்டு, புது போன் வாங்கியதும் தன் பழைய பாம்டாப்பை அவனிடம் தூக்கிக் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி. குச்சியால் திரையில் எழுத வேண்டும். இங்கிலீஷ் எழுத்துதான் ஏறும் என்பதால் தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதினான். 'பாம்டாப்' என்ற பெயர் அவன் வாய்க்கு நீளம். வாலை நறுக்கிவிட்டு 'பாம்' என்று வைத்துக்கொண்டான். "என் பாமு எங்கடா?" என்று அவன் கேன்டீனில் கத்தினால் ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். அவர்களுக்குப் பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஹரிஹரன் சார் வீட்டுக்குப் போய், கம்ப்யூட்டர் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்டாண்டில் பாமை உட்காரவைத்துப் பட்டனை அழுத்துவான். அதற்குப் பெயர் சிங்க். இதில் எழுதியதெல்லாம் கம்ப்யூட்டருக்கும் போய்விடும். பெட்டி தொலைந்தாலும் விஷயம் தொலையாது. அதே வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அவன் பெண்டாட்டி ஹெலன், பெரிய திரையில் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "எனுக்குச் சக்களத்தி வந்து பாக்கெட்ல குந்திகினு கீறா" என்று ஊரெல்லாம் சொன்னாள்.

சக்களத்தி செய்ததெல்லாம் ஹெலனுக்கான வேலைதான். ஹெலனுக்கு ஐந்து வருஷமாக வலிப்பு. செங்கல்பட்டு டாக்டர் ஷபானா, எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தேதியோடு எழுதிவரச் சொல்லியிருந்தார். யாரிடம் சொன்னார் பாருங்கள்! ஆல்வின் அவள் தும்மினதைக்கூட விடவில்லை. காலை எட்டு மணி மாத்திரைக்கு அதிலேயே அலாரமும் வைத்தான்.

பிப்ரவரி மாதம் டாக்டர், "இன்னும் ஆறு மாசம் வலிப்பு வராம இருந்தா மாத்திரையைக் குறைச்சிடலாம். வேலைக்குப் போகலாம்னு சர்டிபிகேட்டும் எழுதித் தரேன்" என்றார். குழந்தைகள் காப்பகம் ஒன்றில் ஆயா வேலை ஹெலனுக்காகக் காத்திருந்தது. வலிப்பு உள்ளவளிடம் பிள்ளையை எப்படிக் கொடுப்பது என்று அவர்கள் கேட்டது அவள் நெஞ்சில் தைத்துக் கிடந்தது. அந்தச் சர்டிபிகேட் வந்தால் அதை ஃபிரேம் போட்டு, மாலை போட்டு, சூடம் கொளுத்தியிருப்பாள், கிறிஸ்தவச்சி என்பதையும் மறந்து.

ஆகஸ்ட் மாதம் அந்த நாள் வந்தது. காலை ஏழு மணிக்குச் செங்கல்பட்டு பஸ் ஏறினார்கள்.

"சாரு வூட்ல நீ எய்துனத பேப்பர்ல எட்த்துக் குடுப்பாரே, எங்கயா அது?" என்று கேட்டாள் ஹெலன்.

"இன்னாத்துக்குப் பேப்பரு? பாமையே காட்டிக்கலாம், வா."

திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நிற்கும் என்றார் கண்டக்டர் பக்தவத்சலம். இரண்டு பேரும் இறங்கி டீ குடித்தார்கள். டீக்குக் காசு எடுக்க ஆல்வின் பாக்கெட்டில் கை வைத்தான். பாக்கெட் தட்டையாக இருந்தது. உடம்பிலிருந்த இரத்தம் முழுக்க ஹவாய் செருப்புக்கு இறங்கியது. அந்த நேரம் பார்த்து டிரைவர் வண்டியைக் கிளப்ப, ஆல்வின் டீ கிளாசோடு ஓடிப்போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றான்.

"நிறுத்து! நிறுத்து! வண்டில பாமு கீது! சீட்டுக்கு அடில என் பாமு கீது!"

ஒரு விநாடி சத்தமே இல்லை. அப்புறம் அந்த பஸ் காலியான வேகத்தை என்னவென்று சொல்வது! இரண்டு வாசல் பத்தாமல் ஜன்னல் வழியாக வந்தார்கள். முழங்கால் வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஒரு பெரியவர் முதல் ஆளாக மார்க்கெட்டைத் தாண்டினார். டிரைவர் குதித்த குதியில் அவர் சட்டை மட்டும் சீட்டிலேயே தங்கிவிட்டது. பக்தவத்சலம் விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்ததால் மூச்சு விடும்போதெல்லாம் ஊதிக்கொண்டே ஓடினார்.

ஏட்டு ஆனந்தன் வந்து ஆல்வினின் சட்டைக் காலரைப் பிடித்தார். அவர் கை நடுங்கிய நடுக்கத்தில் ஆல்வினும் சேர்ந்து ஆடினான்.

"எவன்டா வச்சான்?"

"நான்தான் சார். எப்பவும் பாக்கெட்லதான் வச்சிக்குவேன். வயிக்கிக்கினு வுயுந்துட்ச்சி."

"பாக்கெட்லயா! எத்தினி மணிக்குடா அடிக்கும்?"

"டெய்லி எட்டு மணிக்கு சார்."

ஆனந்தன் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு ஐம்பத்தாறு. "தண்ணி கொண்டாங்கடா! பத்து பக்கெட்டு! ஜன்னல் வயியா உள்ள ஊத்து!"

ஆல்வின் அவர் காலில் விழுந்தான். "தண்ணி ஊத்துனா செத்துரும் சார்! உள்ள என் பொண்டாட்டி கீறா சார்!"

"யோவ், நான் இங்கதான்யா கீறேன்!" என்று ஹெலன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "சார், அது பாமு இல்ல சார், எய்தி வைக்கிற டப்பா சார்! இந்தாளு வாயில அப்பிடிதான் வரும்." யார் கேட்டார்கள்? டீக்கடைப் பக்கெட், பூக்காரி பக்கெட், கழிப்பறைப் பக்கெட் எல்லாம் கைமாறி வந்துகொண்டிருந்தன. அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஊத்துனா ஊத்தட்டும், வுடுயா. சாரு வூட்டு கம்ப்யூட்டர்ல ஒண்ணு கீதுல்ல?"

ஆல்வின் தரையைப் பார்த்தான். "இல்ல ஹெலனு. ஏப்ரல்லேர்ந்து சிங்க் பண்ல."

ஒரு வாரம் தவறினால் சோறு இறங்காத மனுசன், நாலு மாசமாகவா? ஹெலனுக்குக் கேட்க நேரமில்லை. பஸ்ஸுக்குள்ளிருந்து 'பீப் பீப் பீப்' என்று வந்தது.

ஸ்டாண்டே குப்புறப் படுத்தது. ஆனந்தன் ஆல்வின் மேல் படுத்தார், அவர் மேல் தண்ணீர்ப் பக்கெட் கவிழ்ந்தது. நின்றது ஹெலன் ஒருத்திதான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பஸ் ஏறினாள். உள்ளே குனிந்தாள், நிமிர்ந்தாள், பெட்டியின் வாயை அடைத்தாள். இறங்கி வந்து, பையிலிருந்த மாத்திரையைப் போட்டு, நடுங்கிக்கொண்டிருந்த டீக்காரரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

ஆனந்தன் பெட்டியைப் புரட்டிப் பார்த்து, காது கூசுகிற மாதிரி அரை மணி நேரம் திட்டிவிட்டு அனுப்பினார். செங்கல்பட்டு வரைக்கும் அவர்களைச் சுற்றி நாலு வரிசைக்கு யாரும் உட்காரவில்லை. அந்த பஸ்ஸில் அப்படியொரு சொகுசு அதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை.

டாக்டர் ஷபானா பெட்டியை வாங்கி, பிப்ரவரியிலிருந்து சத்தமாகப் படித்தார். "மார்ச் ரெண்டு. ஹெலன், நாப்பது நிமிஷம். என்னது இது, வலிப்பா?"

"இல்ல டாக்டர், திட்டுனா."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த தேதிக்குத் திரையைத் தள்ளினார். ஹெலனும் சிரித்தாள். சர்டிபிகேட் புத்தகம் மேசை மேலேயே இருந்தது. அவள் கண் அதில்தான் இருந்தது. ஆல்வின் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏப்ரல் பதிமூணு, ஞாயிறு, மதியம் மூணு பத்து. ஹெலன் தூக்கத்துல..." டாக்டர் நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றிவிட்டு மெதுவாகப் படித்தார். "தூக்கத்துல வலிப்பு. ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட். எழுந்தா. அவளுக்குத் தெரியல. நான் சொல்லல."

ஹெலனுக்குத் தன் பெயரை யாரோ வேற்றூரில் கூப்பிடுவது போலிருந்தது. தன் உடம்பு தனக்குத் தெரியாமல் ஒரு வேலை பார்த்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியும், கறுப்புப் பெட்டிக்குத் தெரியும், தனக்குத் தெரியாது. நாலு மாசமாக அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டர் சர்டிபிகேட் புத்தகத்தை மூடி டிராயரில் வைத்தார். "இது தெரியாம மாத்திரையைக் குறைச்சிருந்தேன்னா, அடுப்புப் பக்கத்துலயே விழுந்திருப்பீங்கம்மா. அன்னிலேர்ந்து ஆறு மாசம் கணக்கு வைங்க. அக்டோபர் கடைசியில வாங்க. ஆல்வின், நீங்க எழுதினது நல்லதுங்க. சொல்லாதது ரொம்பத் தப்பு."

வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஆல்வின் கண்ணை மூடி, தோளைக் குறுக்கி, வரப்போகும் திட்டுக்குத் தயாரானான். திட்டு வரவில்லை. அது அவனைப் பஸ் ஸ்டாண்டு அமளியைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

"அதுக்குத்தான் சிங்க் பண்லயா? பெர்ய ஸ்கிரீன்ல நான் பட்ச்சிருவேன்னு?"

"ம்."

"ஏன்யா சொல்லல?"

"அன்னிக்குக் காலைலதான் காப்பகத்துல போயி பசங்கள பாத்துட்டு வந்த. தூங்கசொல்லகூட சிரிச்சிகினே இருந்த. எனுக்கு வாய் வரல."

"சொல்லாதவன் எதுக்கு எய்தின?"

அவன் உண்மையிலேயே குழம்பிப்போனான். "நடந்துச்சே ஹெலனு. எய்தாம எப்பிடி?"

"காலைல அது தொலஞ்சிருந்தா எனுக்கு சர்டிபிகேட்டு கெட்ச்சிருக்கும். கம்முனு கீறத வுட்டுட்டு ஏன்யா கத்துன?"

ஆல்வின் யோசித்தான். அவன் முகத்தைப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அந்த எண்ணம் அவன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று.

அவள் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "காப்பகத்து சிஸ்டர் கைல நானே போயி சொல்றேன், அக்டோபர் வரிக்கும் வேலய வச்சிருங்கன்னு. வச்சா வைக்கட்டும். நீ ஒண்ணு பண்ணு. எனுக்கு எது வந்தாலும் மொதல்ல எனுக்குச் சொல்லு. அப்பால உன் டப்பாவுக்குச் சொல்லு."

"சரி."

"அன்னிக்கு இன்னா ஆச்சு? இப்ப சொல்லு, முயுசா."

அவன் கை பழக்கத்தில் பாக்கெட்டுக்குப் போனது, பாதி வழியில் நின்றது. பிறகு அந்தக் கையை எடுத்து அவள் கை மேல் வைத்தான்.

"மொதல்ல உன் எடது கை இயுத்துது," என்று ஆரம்பித்தான்.