மாலைதீவில் அடைபட்ட போத்தல்

சுற்றுலாக் குழுவைக் கூட்டிப் போகிறவனுடைய வேலை கடலைக் காட்டுவது என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், அவனிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "அங்கை குடிக்கலாமோ?" என்பதுதான். ஆட்களைக் கட்டி மேய்த்து அவதிப்பட்டவர்களே, உங்களுக்கு இது புதிதல்ல.

இந்த வேலைக்கு நான் வந்த வழியை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலாவது அநியாயம்: ஒஸ்லோவில் ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் மேலதிக நேரச் சம்பளம் கேட்டுத் துண்டுப்பிரசுரம் ஒட்டினேன், என்னை வேலையால் நிறுத்தினார்கள். இரண்டாவது: துப்புரவுக் கம்பனியில் என்னோடு கை உயர்த்தியவர்கள், முகாமையாளர் கதவைத் திறந்ததும் அதே கையால் தலையைச் சொறிந்தார்கள். மூன்றாவது: நான் தொடங்கிய சங்கத்திலேயே, மண்டபத்தில் மது கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்ததற்காக என்னைச் செயலாளர் பதவியிலிருந்து இறக்கினார்கள். நான்காவது: ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில் பயண முகவர் நிலையம் வைத்திருக்கும் சிவநேசனிடம், அறுபது வயதில் வேலை கேட்டு நின்றேன். தந்தார், கடையைப் பூட்டித் திறக்க ஒரு திறப்பும் தந்தார். யாழ்ப்பாணம் போகிற குழுக்களைத் திரும்பும் வழியில் மாலைதீவுக்கும் கூட்டிப் போக வேண்டும். ஒரே நிபந்தனை: குடியால் ஒரு கரைச்சல் வந்தாலும் என் வேலை போய்விடும்.

கை உயர்த்திய தீர்மானம்

நான் எதையும் கூட்டம் போட்டுத்தான் செய்வேன். கொழும்பு விமான நிலையத்தில் குழுவை வட்டமாக நிறுத்தி விளக்கினேன். நாங்கள் போவது முஸ்லிம் நாடு. போத்தலோடு இறங்கினால் சுங்கத்தில் வாங்கி வைத்துவிட்டு, நாட்டை விட்டுப் போகும்போதுதான் தருவார்கள். நாங்கள் தங்கும் தீவில் ஊர்ச்சனம் குடியிருப்பதால் அங்கே ஒரு துளியும் கிடையாது. வேண்டுமென்றால் சொகுசு விடுதித் தீவுக்குப் போகலாம், அல்லது கரைக்கு அப்பால் நங்கூரமிட்டிருக்கும் கப்பலுக்குப் போகலாம். விலை அவர்கள் சொல்வதுதான்.

போத்தல் கொண்டு போவதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். அந்தப் பயணத்தில் முதலாளி சிவநேசனும் மனைவியோடு வந்திருந்தார். குடியை விட்டுவிட்டதாக அந்த அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தவர் அவர். அதனால் அவருடைய கைதான் எல்லாவற்றிலும் உயரத்தில் நின்றது. ஒஸ்லோவின் குரோருட் பகுதியிலிருந்து வந்த இராசலிங்கம் அண்ணை, ஓய்வு பெற்ற பஸ் சாரதி, தன் கையை இறக்க முன்னரே கேட்டார்: "தீர்மானம் சரி தோழர், இந்த டியூட்டி ஃப்ரீக் கடை எந்தப் பக்கம்?"

பிடிபட்ட பை

மாலைதீவில் எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். ஒரு பையை மட்டும் சுங்க அதிகாரி ஒதுக்கி வைத்தார். முதலாளியின் பை. துவாயில் சுற்றிய விஸ்கிப் போத்தல், குழந்தையைத் தூக்குவது போல் வெளியே வந்தது. அது என்னுடையது என்று சொல்லும்படி முதலாளி என் முழங்கையை அமத்தினார். அதிகாரியோ அவருடைய கடவுச்சீட்டைப் பார்த்துப் பெயரை ஒரு துண்டில் எழுதி, அதைப் போத்தலில் ஒட்டி, போகும்போது வந்து எடுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்.

வெளியே மனைவி ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். முதலாளி என் தோளில் கை போட்டு, நான் போத்தல் கொண்டுவந்து மாட்டிவிட்டதாகவும், ஒஸ்லோவில் இறங்கியதும் கடைத் திறப்பை நான் ஒப்படைக்க வேண்டும் என்றும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். இது ஐந்தாவது அநியாயம். வாழ்நாளில் ஒரு துளி தொடாதவன் நான். அங்கேயே கத்தியிருக்கலாம். ஆனால் போத்தலில் பெயர் ஒட்டியிருந்தது, அதே வழியால்தான் நாங்கள் திரும்பவும் வேண்டும். கூட்டம் நடத்தத் தெரிந்தவனுக்கு வாய் திறக்கும் நேரமும் தெரியும்.

குழுவில் யாருமே கோபப்படவில்லை என்பதுதான் எனக்கு அவமானம். இராசலிங்கம் அண்ணை வந்து என் கையைப் பிடித்தார். "தோழர், உங்களை இவ்வளவு நாளும் நான் பிழையா விளங்கியிருக்கிறன்."

இரண்டு நாட்டுச் சட்டம்

அடுத்த நாள் முழுவதும் இராசலிங்கம் அண்ணை தீவைத் திட்டினார். வெள்ளை மணல், நீலக்கடல், கையில் இளநீர். இதென்ன நாடு, மனிசனுக்கு ஒரு சுதந்திரம் இல்லையா என்றார். நான் நோர்வேயை நினைவுபடுத்தினேன். சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணியானால் குரோருட்டில் பியர் அலுமாரிக்குத் திரை இழுத்துவிடுகிறார்கள். வைன் வேண்டுமானால் அரசாங்கக் கடைக்குப் போக வேண்டும், அதுவும் ஞாயிறு பூட்டு. முப்பது வருடமாக வரிசையில் நின்று வாங்குகிறீர்களே, ஒரு நாளாவது எதிர்த்துக் குரல் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

அண்ணை இளநீரை ஒரு மிடறு குடித்து யோசித்தார். "அது சட்டம் தோழர். இது கரைச்சல்."

கப்பலில் ஒரு சோடா

பின்னேரம் சின்னப் படகில் அந்தக் கப்பலுக்குக் கூட்டிப் போனேன். முதலாளி வரவில்லை, மனைவிக்குப் பக்கத்தில் கரையில் உட்கார்ந்து கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களோடு கார்த்திக் என்ற சென்னைப் பொடியனும் இருந்தான். ஒஸ்லோவில் கணினி வேலை, யாழ்ப்பாணம் பார்க்க ஆசைப்பட்டு எங்களோடு சேர்ந்தவன். பியர் விலையைப் பழக்கதோசத்தில் ரூபாய்க்கு மாற்றிப் பார்த்து, ஒன்றோடு நிறுத்திவிட்டான். இராசலிங்கம் அண்ணை அதே விலையை நோர்வேக் குரோனருக்கு மாற்றினார். ஒஸ்லோ மதுச்சாலையை விட மலிவு. அதன் பிறகு அவர் குடித்த ஒவ்வொரு கிளாசும் அவருக்கு லாபம். மூன்றாவதோடு விமானச் சீட்டுக் காசே திரும்பி வந்துவிட்டது போல் சிரித்தார்.

நான் எலுமிச்சைச் சோடா வாங்கினேன். பரிமாறிய பையனிடம் உங்களுக்குச் சங்கம் இருக்கிறதா என்று விசாரித்தேன். அவன் இன்னொரு சோடா வேண்டுமா என்று கேட்டான். கார்த்திக் என் பக்கம் சாய்ந்து கண்ணடித்தான். "அங்கிள், சோடாவ வெச்சுக்கிட்டு எங்ககிட்டயுமா நடிப்பு?"

பெயர் வாசிப்பு

புறப்படும் நாளில் முதலாளி திறப்பை இன்னொரு முறை ஞாபகப்படுத்தினார். நான் வாய் திறக்கவே தேவைப்படவில்லை. நல்ல விஸ்கியை அந்நிய நாட்டில் அநாதையாக விட்டுப் போவது பாவம் என்று இராசலிங்கம் அண்ணை பிடிவாதமாக நின்றார். நேரம் போகிறது, விடுங்கோ என்று முதலாளி தடுத்துப் பார்த்தார். தோழரின் சொத்து எங்கள் சொத்து என்று சொல்லி, அண்ணை குழுவையே சுங்க மேசைக்கு நடத்திப் போனார். என் வாழ்நாளில் எனக்காக நடந்த முதல் ஊர்வலம் அது.

அதிகாரி போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். துண்டில் இருந்த பெயரைக் கூப்பிடத் தொடங்கி, இரண்டு எழுத்தோடு மூச்சு வாங்கி, உதவி கேட்டு என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமினேன். மே தினக் குரலை எடுத்தேன். தகப்பன் பெயரையும் விடாமல் நிறுத்தி வாசித்தேன்: "கந்தையா சிவநேசன்."

இராசலிங்கம் அண்ணை போத்தலைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என்மேல் அவருக்கு வந்திருந்த மதிப்பு அந்த இடத்திலேயே போய்விட்டது. முதலாளி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய மனைவிதான் மெல்லிய குரலில் சொன்னார்: "இஞ்சாருங்கோ, உங்களைத்தான் கூப்பிடுகினம், கையை உயர்த்துங்கோ."

கடைத் திறப்பு இன்றும் என் பையில்தான் இருக்கிறது, ஏனென்றால் என்னை நிறுத்துவதானால் அதற்கான காரணத்தை நான் பொதுக்கூட்டத்தில் வாசிப்பேன் என்று முதலாளிக்குத் தெரியும்.