பையை முதலில் காட்டுங்கோ

ஈர மண்ணைச் செய்தித்தாளில் பரப்பி நிழலில் உலர வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கோமதி அக்காவின் மகள். "மாமா, அம்மா காலம்பற எழுந்திருக்கலே" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. கையில் ஒட்டிய மண்ணைக் கூடக் கழுவாமல் கரமனை அக்ரஹாரத்துக்கு நடந்தேன். வழியெல்லாம் எனக்குத் துக்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் சிறிய மண் பரிசோதனைக் கூடத்தில் மண்ணை ஆராய்ந்து அறிக்கையில் கையெழுத்திடுவது கோமதி அக்காவின் வேலை. மண்ணை வாங்கி, பதிவேட்டில் எழுதி, உலர்த்திச் சலித்துக் கொடுப்பது என் வேலை. என்னைவிடச் சில மாதங்களே மூத்தவர். ஆனாலும் முதல் நாளிலிருந்தே அக்காதான்.

மண் கொண்டுவந்த உங்கள் எல்லோரையும் அவர் ஒரு தடவையாவது திட்டியிருப்பார். காலி உரச்சாக்கை எறிய நமக்கு மனசு வராது. சாணம் சுமக்க, தேங்காய் கட்ட, மழைக்குத் தலையில் கவிழ்க்க என்று எல்லாவற்றுக்கும் அதுதான். மண்ணையும் அதிலேயே அள்ளி வருவோம். தையலில் ஒரு சிட்டிகை உரம் ஒட்டியிருந்தால் போதும், பட்டினி கிடக்கும் மண்ணும் வயிறு நிறைந்த மண்ணாகக் காட்டும். அதனால் அவர் மண்ணைப் பார்க்கவே மாட்டார். "பையை முதல்ல காட்டுங்கோ" என்பார். சாக்கைத் திருப்பி, முகர்ந்து, உதறிப் பார்த்துவிட்டு, "எடுத்துண்டு போங்கோ, துணிப்பையில் வேற மண் கொண்டு வாங்கோ" என்று அனுப்பிவிடுவார். இரண்டு பஸ் மாறி வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள்.

அமிலம் ஏறிப் புளித்த செம்மண்ணுக்குச் சுண்ணாம்பு போடாமல் மூட்டை மூட்டையாக உரம் கொட்டுகிறவர்களிடம் அவருக்கு இன்னும் கோபம். மண்ணில் சத்து நிறைய இருக்கும், ஆனால் வேருக்குக் கிடைக்காது. "பசிக்கறவா வாயைக் கட்டிட்டு இலை போடறேளே" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். கேட்டவருக்குச் சிரிப்பு வராது.

தங்கை மகள் கல்யாணத்துக்காக ஒரு முறை பத்து நாள் லீவு எடுத்தார். அந்த நாட்களில்தான் தங்கராஜ் வந்தார். நாகர்கோவில் பக்கத்து ஆள். நேமத்துக்கு அப்பால் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, ஓணச் சந்தைக்காக நேந்திரன் என்கிற ஏத்தன் வாழை வைத்திருந்தார். மண் ஒரு சாக்கில் இருந்தது. நல்ல மழை. திருப்பி அனுப்ப எனக்குப் பாவமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன். அக்கா வருவதற்குள் நானே செய்த பரிசோதனையில் பொட்டாஷ் எக்கச்சக்கமாக வந்தது. இந்தப் பருவம் பொட்டாஷ் தேவையில்லை என்று அறிக்கை தயாரானது. திரும்பி வந்த அக்கா, பையை நான் பார்த்திருப்பேன் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

சில மாதங்கள் கழித்து, மூலையில் கிடந்த அந்தச் சாக்கை அவர் தற்செயலாகத் திருப்பினார். தையலில் பொட்டாஷ் உரத்தின் செம்மை கலந்த சின்னச் சின்னப் படிகங்கள். உடனே குடையை எடுத்தார். நானும் கூடவே பஸ் ஏறினேன்.

தூரத்திலிருந்து பார்த்தபோது தோட்டம் பச்சையாகத்தான் இருந்தது. உள்ளே நுழைந்தபோதுதான் அடி இலைகள் தெரிந்தன. ஓரம் மஞ்சளித்து, பிறகு கருகி, ஒவ்வொரு வாழையிலும் ஒரே மாதிரி. குலை தள்ளியிருந்தது, காய்கள் விரல் பருமன்கூட இல்லை. காற்றே இல்லாத அந்த மத்தியானத்தில் எங்கள் காலடியில் காய்ந்த இலைகளின் சரசரப்பு மட்டும் கேட்டது.

தங்கராஜ் சட்டைப் பையிலிருந்து அறிக்கையை எடுத்தார். "அக்கா, நீங்க எழுதித் தந்த கடலாசு இதுதானே? இதுல சொன்ன மாதிரிதான் செஞ்சேன். எங்க பெழச்சேன்?"

"நீர் ஒரு பிழையும் பண்ணலே. தப்பு என்னோடது. கையெழுத்து என்னோடது" என்றார் அக்கா.

"இனி பொட்டாஷ் போட்டா சரியாவுமா?"

"இந்தக் குலைக்கு ஆகாது."

அந்த வருஷத்தோடு தங்கராஜ் குத்தகையை விட்டுவிட்டு விழிஞ்ஞத்தில் கட்டட வேலைக்குப் போனார்.

அன்று திரும்பும் பஸ்ஸில் அக்கா கேட்டார்: "அந்தப் பத்து நாள்ல வேற யாராவது சாக்குல கொண்டு வந்தாளா?"

"இல்லைக்கா" என்றேன்.

பொய். இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கு, ஒருவர் பயறுக்கு. அவர்கள் சாக்குகளையும் நான் பார்க்கவில்லை. பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். வருஷங்கள் ஓடிவிட்டன. தங்கராஜின் சாக்கை அக்கா தன் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவைத்தார். தினமும் காலையில் அதைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். அது அவருடைய வருத்தம் என்றே எண்ணியிருந்தேன். இனி உண்மையைச் சொல்ல அவர் இல்லை என்பதுதான் அன்று வழியெல்லாம் எனக்கிருந்த பயம்.

அவர் காரியங்கள் முடிந்த மறுநாள் பழைய பதிவேட்டைத் திறந்தேன். அந்த இரண்டு பெயர்களுக்கும் பக்கத்தில், பென்சிலில், அவருடைய கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: "பை?" அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. நானே வாய் திறப்பேன் என்று இத்தனை வருஷம் காத்திருந்திருக்கிறார். நான் திறக்கவில்லை.

பதிவேட்டில் இருந்த அவர்களுடைய இரண்டு எண்களுக்கும் போன் செய்தேன். இரண்டும் இப்போது உபயோகத்தில் இல்லை. அந்த அறிக்கையை நம்பி, கருகும் இலைக்கு வேறு காரணம் தேடிக்கொண்டு எங்காவது இருக்கிறார்களா, தங்கராஜைப் போல நிலத்தையே விட்டுவிட்டார்களா, தெரியாது.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை ஆணியில் தொங்கும் அந்தச் சாக்கும், அந்தக் கேள்விக்குறியும்தான். இனி அறிக்கையில் கையெழுத்து என்னுடையது. அந்த இரண்டு பேரில் நீங்கள் ஒருவராக இருந்தால், அந்தக் கடலாசைக் கிழித்துப்போட்டுவிட்டு மறுபடியும் மண் கொண்டு வாருங்கள். வந்ததும், பையை முதலில் காட்டுங்கோ.