மேஜர் நிரப்பிய வாளி

செத்துப்போன மேஜரைத் தண்ணீர் இறைக்கவிட்டு, அதில் சோப்புப் போட்டுக் குளித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். மஞ்சக்குப்பம் சிங்காரம்! கலெக்டருக்கே கிடைக்காத கொடுப்பினை. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். 2007 மே மாதம், பட்டப்பகலில் நடந்தது இது.

கொல்லையில் இருந்த அடிபம்பு வற்றி ஆறு வருஷம். அன்று பிற்பகல் சரியாக 3.40. 'கிரீச்... கிரீச்...' சிங்காரம் போய்ப் பார்த்தார். கைப்பிடி தானாக ஏறி இறங்கியது. வாளி நிறைந்திருந்தது. கத்திரி வெயிலிலும் விரல் விறைத்துப்போகும் குளிர்!

தினமும் அதே நேரம். மூன்று நாள் ஆனந்தமாகக் குளித்தார்.

"நல்ல பேய்தான். துணியும் தொவைக்கச் சொல்லுங்க" என்றாள் மனைவி லோகநாயகி.

நாலாம் நாள் சிங்காரத்துக்குச் சிரிப்பு நின்றது. வாளியைச் சுற்றி ஈரமான பூட்ஸ் தடம். இடது கால் மட்டும் இழுபட்டிருந்தது. அப்படி நடந்தவர் ஒருவர்தான்.

எழுபத்தொன்று யுத்தத்தில் பிடிபட்ட பாகிஸ்தான் மேஜர். வடக்கே நம் ராணுவத்தின் கைதி முகாம் ஒன்றில் அப்போது சிப்பாயாக இருந்த சிங்காரம் வாசல் காவல். லோகநாயகியின் அண்ணன் சபாபதி உள்காவல் ஹவில்தார். பிடிபட்ட அதிகாரியை வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் காவல்காரர்கள் குளிக்க, கொட்டும் பனியில் தண்ணீர் தூக்கியவர் அந்த மேஜர்தான். ஒருநாள் பம்படியிலேயே விழுந்து செத்தார். 'யாரும் வேலை வாங்கவில்லை' என்று இருவரும் விசாரணையில் கையெழுத்துப் போட்டார்கள். முப்பத்தைந்து வருஷமாகச் சபாபதி அதையே சொல்லிவந்தார். கூடவே நின்று பார்த்த சிங்காரத்திடமும்!

சிதம்பரத்திலிருந்து சபாபதியை வரவழைத்தார் சிங்காரம்.

"ஒத்துக்க மச்சான். அந்தாளு போவட்டும். ஒரு வாரமா எனக்குத் தொண்டையில தண்ணி எறங்கல."

"நீ ரிட்டயர்டு ஆனே, சரி. ஒன் மூளையுமா ஆயிடுச்சி? அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல."

3.40.

கிரீச்...

நிறைந்த வாளி தரையை விட்டு எழுந்தது. ஒரு சாண்... இரண்டு சாண்...

கொல்லையைக் கடந்தது. ஒரு பக்கமாய்ச் சாய்ந்து சாய்ந்து...

சபாபதியின் எதிரில் நின்றது.

இறங்கவில்லை.

சபாபதி விறைப்பாக எழுந்து நின்றார்.

"வாணாம் சார்... குடுங்க சார்... நான் தூக்கறேன்..."

வாளி அவர் கைக்கு வந்தது. பம்பு அடங்கியது.

சிங்காரத்தின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நடந்துச்சு மாப்ள. அன்னிக்கு அவருக்குக் கொதிக்கற ஜுரம். தொட்டுப் பாத்தேன்... பாத்துட்டுத்தான், இன்னும் ஒரு வாளின்னேன்."