ஐந்தாவது பிடி

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போகிறவன் நான். இப்போதும் அப்படித்தான். அதனால் இதைக் கேட்டுவிட்டு வெயிலில் தலை சுற்றியிருக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்ன மைத்துனரோடு நான் இரண்டு வருடம் கதைக்கவில்லை.

சண்டைக் காலத்தில், எரிந்த வீடுகளுக்குப் பதிலாகப் புது வீடு கட்டிக் கொடுக்கும் வேலையொன்றில் ஓவசியராக இருந்தேன். அத்திவாரம் போடுமுன் குழி வெட்டுவித்து, வந்த மண் வீட்டைத் தாங்குமா என்று பார்ப்பேன். ஒவ்வொரு அடி ஆழத்துக்கும் ஒரு கை மண் எடுத்து, தண்ணீர் தெளித்து, இறுக்கிப் பிடிப்பேன். பிடிகொழுக்கட்டை மாதிரி விரல் பதிந்து நின்றால் களி, உதிர்ந்தால் மணல். பிடித்ததையெல்லாம் பலகையில் வரிசையாக வைப்பேன்.

அன்றைக்குத் துறைமுகத்துக்கு மேலே ஓர்ஸ் ஹில் மலையில், தவமணி அக்காவின் எரிந்த வீட்டு வளவு. அவருடைய கணவர் தச்சு வேலைக்காரர். அதற்கு ஆறு வருடத்துக்கு முன் இராணுவச் சுற்றிவளைப்பு ஒன்றில், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். போனவர் போனவர்தான். கேட்டால், அப்படி ஒருவரைத் தெரியாதாம். காணி அவர் பெயரில் இருந்ததால், அவர் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் அவர் இறந்துவிட்டார் என்று மனைவி எழுதித் தர வேண்டும் என்றார்கள் எங்கள் கந்தோர் அதிகாரிகள். கொண்டுபோனவனை ஒரு வார்த்தை கேட்கத் துப்பில்லாதவர்கள் பெண்சாதியிடம் படிவம் நீட்டினார்கள். அந்தப் படிவத்தைக் கொண்டுபோன மடையன் நான்.

"ஒரு கையெழுத்துத்தானே அக்கா. போட்டால் வீடு வரும்."

"முதல்ல மண்ணைப் பாருங்கோ தம்பி. பேந்து கதைப்பம்."

களப்புக் கரையில் இருக்கும் குறிஞ்சாக்கேணியிலிருந்து வேலைக்கு வரும் நசீர்தான் குழி வெட்டினான். நான்கு அடி. நல்ல சிவப்புக் கிறவல், சரளை மண், இரண்டு மாடியையும் தாங்கும். நான்கு பிடி பிடித்துப் பலகையில் வைத்துவிட்டு, இருவரும் அக்காவின் தகரக் கொட்டிலடிக்குப் போய்த் தேத்தண்ணீர் குடித்தோம். பத்து நிமிடம் இருக்காது. நல்ல பகல். வளவுக்குள் எங்கள் மூன்று பேரையும் தவிர ஒரு குருவிகூட இல்லை.

திரும்பி வந்தால் பலகையில் ஐந்து பிடி.

எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். "என்ன நசீர், பகிடியா?" என்று ஏசினேன்.

"அல்லாஹ்மேல ஆணையா நான் இல்ல சேர். உங்களோடதானே ரீ குடிச்சன்," என்று பத்து விரலையும் விரித்துக் காட்டினான். பத்தும் முழுசு. ஐந்தாவது பிடியிலோ ஒரு விரல் தடம் பாதியில் நின்றது. பெருவிரல் பதிந்திருந்த பக்கமும் மாறியிருந்தது, இடது கையால் பிடித்தது.

சத்தம் கேட்டு வந்த அக்கா அதைத் தூக்கித் தன் விரல்களை அந்தத் தடங்களுக்குள் ஒவ்வொன்றாக வைத்தார். அழவில்லை.

"இது அவற்ற கை. மரம் அரியிற வாள் பட்டு அரை விரல் போனது, இடக் கைதான்." பிறகு என்னைப் பார்த்தார். "செத்த ஆக்களோ தம்பி மண் பிடிக்கிறது? உந்தக் கடுதாசியைக் கொண்டு போங்கோ."

கொண்டுவந்துவிட்டேன். வழியில் நசீர் ஒன்று சொன்னான், அவன் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்: "சேர், அது அந்தக் குழி மண் இல்ல. எங்கட பக்கத்துக் களப்புச் சேறு மாதிரி."

ஓம். கறுப்புச் சேறு, இடையிடையே சிப்பித் தூள். அந்த மலையில் எத்தனை அடி தோண்டினாலும் அது வராது. இந்தத் துறைமுகத்தைச் சுற்றி எந்தக் கரையிலும் இருக்கும் சேறு, எந்தக் கரையில் அவரைப் புதைத்தார்கள் என்று நான் எப்படிச் சொல்வது? மண்ணைப் பார்த்து எழுதுவதுதான் என் தொழில். அக்காவிடம் மட்டும் அதைச் சொல்ல இன்றுவரை வாய் வரவில்லை. சொன்னால் கையெழுத்துப் போடுவார், வீடு வரும், அவர் காத்திருப்பது முடிந்துவிடும். சொல்லாத என்மேலும் கோபம்தான், அவரைக் கொண்டுபோனவர்கள்மேல் அதைவிடக் கோபம். இரண்டு மாடி தாங்கும் மண்ணில் இன்றைக்கும் அதே தகரக் கொட்டில்.

போன மாதமும் போனேன். அக்கா அலுமாரியைத் திறந்து அந்த ஐந்தாவது பிடியை எடுத்து என் கையில் வைத்தார். நான் பிடித்த நான்கும் அந்தக் கிழமையே காய்ந்து வெடித்துப் போனவை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் இது ஈரம். திருப்பிக் கொடுத்துவிட்டுப் பார்த்தால் என் உள்ளங்கை முழுக்கக் கறுப்பு, உப்புத் தண்ணீர் மணம்.

"காயேல்ல, பாத்தனீங்களோ," என்றார் அக்கா, சந்தோஷமாக.