பன்னிரண்டு மூலைகள்

பூமாரி தாராவியிலிருந்து தினமும் பஸ் பிடித்து டிராம்பேக்குப் போகிறவள். நாற்பத்தாறு வயது. அங்கே ஹமீது பாயின் ஷெட்டில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள்.

எண்ணெய்க் கிணறு தோண்டும் இடங்களில் சிமென்ட் தளத்தில் வைத்த டீசல் தொட்டிகளைச் சுற்றி ஒரு தடுப்புச் சுவர் நிறுத்துவார்கள். தொட்டி கசிந்தால் டீசல் மண்ணில் இறங்கிவிடாமல் அது பிடித்து வைக்கும். அந்தச் சுவரை இரும்புத் தகட்டில் துண்டு துண்டாகச் செய்து அனுப்புவதுதான் ஷெட்டின் தொழில். நேர்த் துண்டு, மூலைத் துண்டு என்று இரண்டே வகை. போல்ட் போட்டு இணைத்தால் வேண்டிய அளவில் கட்டம் வந்துவிடும். வேலை முடிந்ததும் கழற்றி அடுத்த கிணற்றுக்கு லாரியில் ஏற்றிவிடலாம். துண்டுகள் சேரும் இடத்தில் ரப்பர் பட்டை ஒட்டுவது பூமாரி.

அந்த ஜூன் மாதம் குஜராத்தில் மெஹ்சானா பக்கம் ஒரு கிணற்றுக்கு மூன்று கட்டங்கள் போயின. வியாழக்கிழமை லாரி கிளம்பியது. சனிக்கிழமை காலை பூமாரி ஜெனரேட்டருக்கு அடியில் பெருக்கக் குனிந்தாள். டீசல் சொட்டும் தட்டு ஆடாமலிருக்க அதன் அடியில் அவளே ஒரு துண்டு ரப்பரைச் செருகியிருந்தாள். மூலைகளுக்கு ஒட்டியதில் மிஞ்சிய துண்டு. அது பாலில் ஊறிய பன் மாதிரி உப்பிக் கிடந்தது. நகத்தால் தொட்டதும் பிய்ந்து வந்தது.

அலமாரிக்கு ஓடினாள். ஷெட்டில் தண்ணீர்த் தொட்டிகளும் செய்வதால் இரண்டு வகை ரப்பர் சுருள்கள் இருக்கும். இரண்டும் கறுப்பு. மழை ஈரத்தில் ஒன்றின் சீட்டு உரிந்து கீழே கிடந்தது. தண்ணீருக்கானதை எடுத்து டீசல் சுவருக்கு ஒட்டியிருக்கிறாள். நேர்த் துண்டுகளுக்குச் சரியானதுதான். மூலைகள் பன்னிரண்டும் தப்பு.

ஒரு மணி நேரம் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். தொட்டி கசியாமலே கூடப் போகலாம். ஆனால் அந்த இடத்தின் போட்டோவை பாய் முன்பே காட்டியிருந்தார். வேலியை ஒட்டி ஆமணக்கு வயல், அதற்குள் ஒரு குடிதண்ணீர்க் கிணறு, கிணற்றடியில் குடத்தோடு இரண்டு பெண்கள். அந்தக் குடங்கள் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. கடைசியில் பாயிடம் போய் நின்றாள்.

“தண்ணி நெரப்பிப் பாத்த டெஸ்ட் பாஸாச்சுல்லா?” என்றார் அவர்.

“தண்ணிக்கு நிக்கும் பாய். டீசலுக்கு நிக்காது. நாந்தான் மாத்தி ஒட்டிட்டேன்.” உப்பிய துண்டை மேசையில் வைத்தாள்.

பாய் அதை வெகுநேரம் அழுத்திப் பார்த்தார். சைட் என்ஜினியர் ஜோயாவுக்கு போன் போட்டார். சுவரை நிறுத்தியாகிவிட்டது, திங்கட்கிழமை பதினோரு மணிக்கு டீசல் லாரி வருகிறது என்று ஜோயா இந்தியில் சொன்னாள்.

“லாசரைக் கூட்டிட்டு நீயே போ,” என்றார் பாய்.

லாசர் ஷெட்டின் ஃபிட்டர், அவளைவிடப் பத்து வயது மூத்தவர். ரயிலில் அவள் சாப்பிடவில்லை. சரியான சுருளை மடியிலேயே வைத்திருந்தாள்.

“ஏ பூமாரி, ஒரு வாய் தின்னு. சொவரு நம்ம போறதுக்குள்ள எங்கிட்டும் ஓடிராது.”

“எனக்கு எறங்காதுண்ணே. எல்லா மூலையும் கழத்த முடியுமா?”

“மூலைய மட்டும் கழத்திக்கிடலாம்லா. அதுக்குத்தான இப்படித் துண்டு துண்டா செஞ்சிருக்கு?”

ஞாயிற்றுக்கிழமை மதியம் வேலையைத் தொடங்கினார்கள். போல்ட்டைக் கழற்றி, பழைய பட்டையைச் சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்து, புதியதை ஒட்டி, மறுபடி முறுக்க வேண்டும். அனல் காற்றில் மணல் பறந்து பசையில் ஒட்டியது. ஒட்டிய இரண்டை மறுபடி பிய்த்தார்கள். இருட்டுவதற்குள் ஆறுதான் முடிந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் மறுபடி உட்கார்ந்தார்கள். பத்து முடிந்தபோது டீசல் லாரி வந்து ஹாரன் அடித்தது. கடைசிக் கட்டத்தில் இரண்டு மூலைகள் திறந்து கிடந்தன.

மேலிடத்திலிருந்து ஜோயாவுக்கு போன் மேல் போன். “தீதி, இன்னும் எவ்வளவு நேரம்?” என்று பூமாரியை அக்கா முறை வைத்துக் கேட்டாள். “ரெண்டு மணி நேரம்,” என்று பூமாரி இந்தியில் சொன்னாள். ஜோயா, முடிந்த இரண்டு கட்டங்களிலுள்ள தொட்டிகளை மட்டும் நிரப்பச் சொன்னாள்.

முதல் தொட்டி பாதி நிறைந்தபோது ஹோஸ் பைப் இணைப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டது. ஓட்டுநர் வால்வை மூடுவதற்குள் டீசல் பீறிட்டுக் கட்டத்துக்குள் கொட்டி, சரிவான பக்கத்து மூலையில் முழங்கால் அளவுக்குத் தேங்கியது. பூமாரி கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி, சுவருக்கு வெளியே மண்ணில் மண்டியிட்டாள். இணைப்பில் விரலை வைத்து மேலிருந்து கீழாகத் தடவினாள். விரல் உலர்ந்தே இருந்தது. மறுபடி தடவினாள். பம்ப் வைத்து டீசலை உறிஞ்சி எடுக்கும்வரை, ஒன்றரை மணி நேரம், அவள் எழுந்திருக்கவில்லை. மீதி இரண்டு மூலைகளை லாசர் தனியாகவே முடித்தார்.

மும்பை திரும்பியபின் பாய் ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள் பெயின்ட் டப்பாவைக் கொண்டுவந்து, “உன் கையாலயே அடி,” என்றார். டீசல் ரப்பர் சுருளின் மேலெல்லாம் மஞ்சள் கோடு போட்டாள்.

பயம் மட்டும் போகவில்லை. குஜராத்தில் மழை என்று டீவியில் சொன்னாலே ஜோயாவுக்கு போன் செய்வாள். ஒவ்வொரு முறையும், “எல்லாம் சரியா இருக்கு தீதி,” என்று பதில் வரும்.

செப்டம்பரில் ஜோயாவே கூப்பிட்டாள். கிணறு வேலை முடிந்தது, சுவரைக் கழற்றி ராஜஸ்தானில் வேறொரு கிணற்றுக்கு ஏற்றியாகிவிட்டது என்றாள். பூமாரி நேரே பாயிடம் போனாள்.

“அங்க யாரு பாய் என்ஜினியரு? நம்பர் வாங்கித் தாங்க.”

“எதுக்கும்மா?”

“கழத்தி மாட்டும்போது பட்டையெல்லாம் ஒழுங்கா உக்காந்திருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்.”

பாய் சிரிக்கவில்லை. போனை எடுத்து நம்பரைத் தேடத் தொடங்கினார்.