ஓடையில் கிடந்த கடல்

பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குன்னம் பக்கம் எங்கள் மக்காச்சோளக் கொல்லையை ஒட்டிய ஓடையில், சென்னையிலிருந்து வந்த கல்லூரி மாணவர்கள் சிலர் சுத்தியலோடு இறங்கியிருந்தார்கள். என் வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கையிலிருந்த கல்லைக் காட்டினாள். அதில் சங்கு போல ஒரு சுருள் பதிந்திருந்தது.

"இங்க ஒரு காலத்துல கடல் இருந்துச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அந்தக் கற்களை எறிந்துதான் மயில்களை விரட்டியிருக்கிறேன்.

மாலைவரை அவர்களோடு சுற்றினேன். எந்த மேட்டில் அந்தக் கற்கள் அதிகம் என்று எனக்குத்தான் தெரிந்திருந்தது. அவர்களுடைய பேராசிரியர், "நீங்க ஜியாலஜி சேர்ந்திருக்கலாமே" என்றார். அப்படியொரு படிப்பு இருப்பதையே பள்ளியில் யாரும் எங்களிடம் சொல்லவில்லை. மார்க்கைப் பார்த்துக் கம்ப்யூட்டர் என்றார்கள், சேர்ந்துவிட்டேன். பதினேழு வயதில் எடுத்த முடிவுக்கு ஆயுள் முழுக்கக் கட்டுப்பட வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை நியாயமாகப் படவில்லை.

வீட்டில் சொன்னேன். "இன்னும் ஆறு மாசத்துல டிகிரி முடியப்போவுது. இப்பப் போயி கல்லப் படிக்கப்போறேங்கிறியே" என்றார் அப்பா. அவருக்குக் கோபமில்லை, குழப்பம்தான்.

டிகிரியை முடித்தேன். இப்போது அரியலூரில் ஓர் ஆபீஸில் வேலை. அன்று என் நம்பரை வாங்கிக்கொண்டு போன அந்தப் பெண், எப்போதாவது ஏதாவதொரு மலையிலிருந்து போட்டோ அனுப்புவாள். "சூப்பர்" என்று பதில் போட்டுவிட்டு, படத்தைப் பெரிதாக்கி, அவள் காலடியில் கிடப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.